ஜிம் மாஸ்டர் சொன்ன டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் போடலாமா?

கேட்ட தம்பியின் விவரம் சுருக்கமாக: வயது 27, எடை 68 கிலோ. வீடு களியக்காவிளைப் பக்கம், ஜிம் பாறசாலையில். ஒரு வருடமாகப் போகிறார், உடம்பு நினைத்த அளவுக்கு ஏறவில்லை. மாஸ்டர் சொன்னபடி ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் டெஸ்டோஸ்டிரோன் 312 என்று வந்திருக்கிறது. "இது லோ மக்கா, வாரத்துக்கு ஒரு 250 வீதம் பன்னிரண்டு வாரம் கோர்ஸ் போட்டா ஆளே மாறிடுவ" என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். தை மாதம் கல்யாணம். தாய்மாமாவுக்குத் தலையில், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில் வந்த கட்டிக்கு ஆபரேஷன் ஆனபிறகு திருவனந்தபுரத்தில் டாக்டரே மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறாராம். "மாமாவுக்கு மருந்தாக இருப்பது எனக்கு மட்டும் எப்படி விஷமாகும்?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போடாதீர்கள். மாமாவின் உடம்பில் காலியாகிப்போன ஒரு இடத்தை அந்த ஊசி நிரப்புகிறது. உங்கள் உடம்பில் அந்த இடம் காலியாக இல்லை. ஊசி உள்ளே போனால் முதலில் அதைக் காலி செய்யும், பிறகு தானே அங்கே உட்கார்ந்துகொள்ளும். தமிழக-கேரள எல்லையின் இரண்டு பக்கத்து ஆட்களும் வருகிற இடத்தில் ஹார்மோன் நோய்களைப் பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அந்த 312. மாலை ஐந்தரை மணிக்கு, வேலை முடிந்து ஜிம்முக்குப் போகிற வழியில் லேபில் கொடுத்த ரத்தம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது ஏற ஏற இறங்கும். முப்பது வயதுக்காரரிடம் காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் இடையே 20 முதல் 25 சதவீதம் வரை வித்தியாசம் வரும். உங்கள் 312, காலையில் எடுத்திருந்தால் 400-ஐ ஒட்டி வந்திருக்கலாம். அமெரிக்க யூராலஜி சங்கம் குறைவு என்று சொல்வது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 300 நானோகிராமுக்குக் கீழே போனால்தான். எண்டோகிரைன் சொசைட்டி, உடல் பருமன் இல்லாத ஆரோக்கியமான இளைஞர்களுக்குக் கீழ் எல்லையாக வைத்திருப்பது 264. அதுவும் ஒரு நாள் எடுத்தது போதாது. காலையில், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்து இரண்டும் குறைவாக இருக்க வேண்டும். கூடவே அறிகுறியும் இருக்க வேண்டும். ஆசை குறைவது, காலையில் வரும் விறைப்பு நின்றுபோவது, முகத்து முடி மெலிவது, எலும்பு தேய்வது இவைதான் அறிகுறிகள். 'பைசெப்ஸ் ஏறவில்லை' என்பது அந்தப் பட்டியலில் கிடையாது.

நம் பக்கத்தில் இந்தப் பரிசோதனையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரப்பர் வெட்டுக்கு ராத்திரி இரண்டு மூன்று மணிக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள், கல்ஃபில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு லீவில் வந்தவர்கள், இவர்களின் 'காலை' மற்றவர்களின் காலை அல்ல. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2011-ல் இளைஞர்களை ஒரு வாரம் தினமும் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்தார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. காய்ச்சலிலும் குறையும், தொப்பை போட்டாலும் குறையும், சர்க்கரை நோயிலும் குறையும், ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை தின்றாலும் குறையும். இதில் எதற்கும் முதல் சிகிச்சை ஊசி இல்லை. நல்ல தூக்கத்துக்குப் பிறகு, ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு காலைகளில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

உண்மையிலேயே குறைவு என்று வந்தால் நாங்கள் அடுத்துப் பார்ப்பது பிட்யூட்டரி சுரக்கும் மூன்று ஹார்மோன்களை: விரைக்கு உத்தரவு கொண்டுபோகும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., கூடவே புரோலாக்டின். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.எச். ஏறியிருந்தால் கோளாறு விரையில். இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் கோளாறு தலையில், பிட்யூட்டரியிலோ அதற்கு மேலேயோ. புரோலாக்டின் ஏறிக் கிடந்தால் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. பார்ப்போம், அந்தக் கட்டி பல பேருக்கு மாத்திரையிலேயே சுருங்கி, டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறிவிடும். மீசை முளைக்காத பையனைக் கூட்டிவந்தால் 'வாசனை தெரியுமா' என்று கேட்போம். அடுக்களையில் கருவாடு பொரிந்துகொண்டிருக்க, தனக்கு ஒன்றும் மணக்கவில்லை என்று சொல்கிற பையனுக்கு கால்மன் சிண்ட்ரோம் இருக்கக்கூடும்: பருவத்தைத் தூண்டும் நரம்பணுக்களும் மோப்ப நரம்பும் கருவில் ஒரே வழியாக வளர்கிறவை. இதையெல்லாம் கேட்காமல் ஊசியை எடுக்கிறவர், மாஸ்டராக இருந்தாலும் சரி, எம்.பி.பி.எஸ். ஆக இருந்தாலும் சரி, வைத்தியம் பார்க்கவில்லை.

இப்போது மாமா. அவருடைய கட்டியை எடுத்தபோது பிட்யூட்டரியின் வேலை போய்விட்டது. அங்கிருந்து விரைக்கு உத்தரவு போகாததால் அவர் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தி இல்லை. ஊசி இல்லாவிட்டால் சோர்வு, ரத்தசோகை, தசை மெலிவு, எலும்பு பலவீனம் எல்லாம் வரும். இதுபோல இன்னும் சிலருக்கு இந்த மருந்து வாழ்க்கையையே திருப்பிப் போடும். ஏறக்குறைய 600 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும். கிளைன்ஃபெல்டர் என்று பெயர். அதில் பலருக்குக் குழந்தையில்லை என்று வந்து பார்க்கும்வரை தெரியவே தெரியாது. புட்டாளம்மை விரைக்கு இறங்கியவர்கள், விரை இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கியவர்கள், தலசீமியாவுக்கு ரத்தம் ஏற்றி ஏற்றி பிட்யூட்டரியில் இரும்பு படிந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் விரை பழுதானவர்கள் உண்டு. பருவம் பிந்திய பையன்களுக்குச் சில மாதம் சின்ன அளவில் போட்டு ஒரு தள்ளு கொடுப்பதும் உண்டு. திருநம்பிகளுக்கும் இதே மருந்துதான், டாக்டரின் கண்காணிப்பில்.

உங்களுக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது: ஐம்பது அறுபது வயதில், சர்க்கரையும் தொப்பையும் சேர்ந்து, 280, 290 என்று நிற்பவர்கள். டாக்டர்களுக்குள்ளேயே வாதம் நடப்பது இவர்களைப் பற்றித்தான். 65 வயது தாண்டிய 790 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2016-ல் வந்தது: தாம்பத்திய ஆசை ஓரளவு கூடியது, 'உற்சாகம்' என்று விளம்பரத்தில் சொல்லப்படுவது அப்படியொன்றும் கூடவில்லை. 2023-ல் இன்னும் பெரிய ஆய்வு, 5,246 பேர், 45 முதல் 80 வயது, எல்லோருக்கும் இதய நோயோ அதற்கான ஆபத்தோ இருந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்த்து, டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியவர்களில் 7.0 சதவீதம், மருந்தில்லாத வெறும் ஜெல் பூசியவர்களில் 7.3. அதாவது கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புத் தாளம் தப்புவது, நுரையீரலில் ரத்தக்கட்டி, சிறுநீரகம் திடீரெனப் பாதிப்பது மூன்றும் மருந்து எடுத்தவர்களிடம் சற்றுக் கூடுதல். எலும்பு முறிவு குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் கூடியது. ஏன் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜிம் வீடியோக்களில் 'டெஸ்டோஸ்டிரோனால ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, ரிசர்ச்சே சொல்லுது' என்று எடுத்துக்காட்டுவது இந்த ஆய்வைத்தான். அதில் கொடுத்த அளவு, குறைவை இயல்புக்குக் கொண்டுவரும் அளவு. ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கிய அளவு. ஜிம்மில் போடும் அளவுக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது.

அளவு என்றேன், கணக்கையும் போட்டுவிடுவோம். ஆரோக்கியமான ஆணின் விரைகள் நாளொன்றுக்குச் சுரப்பது 6, 7 மில்லிகிராம். வாரத்துக்கு 45-ஐ ஒட்டி வரும். மாமாவின் ஊசி 1000 மில்லிகிராம் அன்டெக்கனோயேட் என்றால் அதில் எண்ணெயிலிருந்து மெதுவாக ரத்தத்தில் கலப்பதற்காக ஒட்டவைத்த பகுதி (எஸ்டர் என்பார்கள்) போக, அசல் டெஸ்டோஸ்டிரோன் சுமார் 630. பன்னிரண்டு வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 52. உடம்பு தானே செய்திருக்கக்கூடிய அளவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. உங்கள் மாஸ்டர் சொல்லும் 250, சஸ்டனான் வகை என்று நினைக்கிறேன். நாலு வகை எஸ்டர் கலந்தது. அதில் அசல் டெஸ்டோஸ்டிரோன் 176 மில்லிகிராம். அது ஒவ்வொரு வாரமும். மாமாவுக்கு மூன்று மடங்குக்கு மேல், இயற்கையான சுரப்புக்கு நாலு மடங்கு. அதுவும் இது 'பிகினர்' கோர்ஸ். இரண்டாவது ரவுண்டில் வாரம் இரண்டு என்பார்கள், கூடவே டெக்கா என்ற இன்னொரு ஊசியும் என்பார்கள்.

சரி, கூடுதலாகப் போனால் என்ன? மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் மிதவை இருக்கும், நிறைந்தால் மோட்டார் நின்றுவிடும், இல்லையா? லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை ததும்ப வைத்தால் கிணற்று மோட்டாருக்கு வேலையே இல்லை. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனை ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. வெளியிலிருந்து ஏராளமாக வந்தால் அது தன் சிக்னலை நிறுத்தும். பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்தும். விரை தன் உற்பத்தியை நிறுத்தும்.

நிற்பது ஹார்மோன் மட்டும் என்றால்கூட ஒரு பேச்சு. விந்தணு உருவாக விரைக்கு உள்ளே இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன், ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஊசியில் போடுவது ரத்தத்தை நிறைக்குமே தவிர விரைக்குள் அந்த அடர்த்தியைத் தராது. ரத்த ரிப்போர்ட்டில் 1,200 என்று வரும், விரைக்குள்ளே வறட்சி. விரை சுருங்கும், விந்தணு எண்ணிக்கை இறங்கும், பலருக்குச் சுழியத்துக்கே வரும்.

இதை ஊகித்துச் சொல்லவில்லை. ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக டெஸ்டோஸ்டிரோனையே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1990-ல் வெளிவந்த அந்த ஆய்வில் ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் ஊசி போட்டார்கள். ஆறு மாதத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு விந்தில் ஒரு அணுகூட இல்லை. சீன மையங்களில் அந்த விகிதம் இன்னும் கூடுதல். 200 மில்லிகிராம் எனந்தேட்டில் அசல் டெஸ்டோஸ்டிரோன் 144. உங்கள் கோர்ஸில் 176. தை மாதக் கல்யாணத்துக்குத் தயாராகிற மாப்பிள்ளைக்கு மாஸ்டர் சொல்லியிருப்பது, கருத்தடை ஆய்வில் கொடுத்ததைவிடக் கூடுதலான அளவு!

நிறுத்தினால் திரும்ப வருமா என்றால், பெரும்பாலும் வரும், ஆனால் உங்கள் அவசரத்துக்கு வராது. கருத்தடை ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் பார்த்தபோது, ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பேருக்கும், ஒரு வருடத்தில் 90 சதவீதம் பேருக்கும் விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 2 கோடியைத் திரும்ப எட்டியது. மிச்சப் பேருக்கு இரண்டு வருடம் வரை ஆகும். அவர்களோ ஒரே சுத்தமான மருந்தை அளவோடு போட்டுக்கொண்டவர்கள். மூன்று நாலு மருந்தை வருடக்கணக்கில் கலந்து போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முதலிலேயே விந்தணு குறைவாக இருந்தவருக்கும் பொருந்தாது, அது அவருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

அதற்குள் ஊரில் என்ன நடக்கும்? கல்யாணமாகி ஆறு மாதமானால் 'விசேஷம் உண்டா' என்ற விசாரிப்பு தொடங்கும். முதலில் ஸ்கேனுக்கு அழைத்துப் போகப்படுவது பெண்தான். குழாய் பார்ப்பார்கள், தைராய்டு பார்ப்பார்கள், கோயில், சர்ச், நேர்ச்சை எல்லாம் நடக்கும். கூடவே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் கணவனுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும், வாயைத் திறக்க மாட்டான். கடைசியில் விந்து பரிசோதனை ரிப்போர்ட்டில் சுழியம் வந்து, தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால்தான் 'ஜிம்ல ஒரு கோர்ஸ் போட்டேன் டாக்டர்' என்று வரும். ஊசியைவிட எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த மௌனத்தில். ஒரு பெண் மாதக்கணக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள்.

இன்னொரு பொறியும் உண்டு. பன்னிரண்டு வாரம் முடிந்து ஊசியை நிறுத்தும்போது வெளி வரத்து நின்றுவிடும். உள் உற்பத்தி இன்னும் எழுந்திருக்கவில்லை. அந்த இடைவெளியில் டெஸ்டோஸ்டிரோன் நிஜமாகவே தரைமட்டத்தில் இருக்கும். ஆசை போகும், விறைப்பு போகும், தூக்கம் கெடும், எதிலும் மனம் ஒட்டாது. சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரைக்கும் போகும். ஏறிய தசையும் இறங்கத் தொடங்கும். அப்போது ஜிம்மில் என்ன சொல்வார்கள்? அடுத்த கோர்ஸ் போடச் சொல்வார்கள். போட்டால் ஒரு வாரத்தில் எல்லாம் சரியான மாதிரி இருக்கும். இல்லாத குறைபாட்டுக்காகத் தொடங்கியவர் உண்மையான குறைபாட்டுக்காரராக மாறுவது இந்த வழியில்தான். 'அதுக்குத்தான் பி.சி.டி. இருக்கே' என்பார்கள், கோர்ஸ் முடிந்ததும் குளோமிஃபீன், டாமோக்ஸிஃபென் மாத்திரை, எச்.சி.ஜி. ஊசி. இவை உண்மையான மருந்துகள், நாங்களும் கொடுக்கிறோம். யாருக்கு எது, எவ்வளவு நாள் என்பதை எல்.எச். பார்த்து முடிவு செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த அட்டவணை அதைச் செய்யாது.

ஊசி வேலை செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். நம் டாக்டர்கள் ரொம்ப நாள் அப்படிச் சொல்லிப் பார்த்து நம்பகத்தன்மையை இழந்ததுதான் மிச்சம். 1996-ல் வந்த ஆய்வு ஒன்றில் வாரம் 600 மில்லிகிராம் எனந்தேட், பத்து வாரம். உடற்பயிற்சியும் ஊசியும் சேர்ந்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை 6.1 கிலோ கூடியது. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.9. பயிற்சியே இல்லாமல் ஊசி மட்டும் போட்டவர்களுக்கு 3.2. அதாவது சும்மா இருந்தவன், வியர்வை சிந்தியவனை முந்திவிட்டான். இந்தப் பத்து வாரத்தில் பெரிய கேடு எதுவும் தெரியவில்லை என்பதும் உண்மை. மாஸ்டர் பொய் சொல்லவில்லை என்பதே இதிலுள்ள ஆபத்து: கண்ணாடியில் லாபம் பத்து வாரத்தில் தெரியும், இதயத்தில் நஷ்டம் பத்து வருடத்தில் தெரியும்.

அந்த நஷ்டம் இப்படி வரும். சிவப்பணு கூடி ரத்தம் குழம்பாகும். சிவப்பணுவின் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டினால் நாங்கள் மாமாவுக்கே ஊசியை நிறுத்திவிடுவோம். ஜிம்மில் அதை அளப்பவர் யாருமில்லை. நல்ல கொழுப்பு இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயச் சுவர் தடிக்கும். வருடக்கணக்கில் போட்டவர்களின் இதயத்தை எக்கோவில் பார்த்த 2017 ஆய்வில், இதயத்தின் இடது அறையில் நிறைந்த ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேறுவது சராசரியாக 52 சதவீதம். போடாத பளுதூக்கிகளுக்கு 63. டென்மார்க்கில் ஜிம்களில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய ஆண்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, அதே வயது மற்ற ஆண்களைவிட அவர்கள் இறக்கும் விகிதம் ஏறக்குறைய மூன்று மடங்கு.

சின்னதாகத் தெரிகிறவையும் உண்டு. கூடுதல் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை உடம்பு ஈஸ்ட்ரோஜனாக மாற்றும், அதனால் மார்பு வீங்கும். ஆண்மைக்காகப் போட்ட ஊசியால் மார்பு வளர்ந்து, சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டு ஆபரேஷனுக்கு வரும் பையன்கள் உண்டு. முதுகு நிறைய பரு வரும். அப்பாவுக்கு வழுக்கை என்றால் உங்களுக்கு அது சீக்கிரமே வரும். பருவ வயதுப் பையன் போட்டால் எலும்பின் வளர்முனை மூடி, உயரம் அத்தோடு நின்றுவிடும். பிளஸ் டூ பையன்கள் ஜிம்மில் சேர்கிற காலம் இது என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

ஜிம்மில் கிடைக்கும் மாத்திரை வகைகள், டயனபால், ஸ்டனோசொலால் போன்றவை, கல்லீரலைத் தனியாகப் பதம் பார்க்கும். மஞ்சள் காமாலையிலிருந்து கல்லீரல் கட்டி வரை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சனின் தங்கத்தைப் பறித்தது இந்த ஸ்டனோசொலால்தான். ஜிம்மில் சுற்றும் ட்ரென்பலோன், மாட்டுக்கு எடை ஏற்ற அமெரிக்காவில் காதில் புதைக்கிற மருந்து. பாட்டிலுக்குள் லேபிளில் எழுதியதுதான் இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஒரே பாட்டிலிலிருந்து நாலு பேர் இழுத்துப் போட்டால் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் வழியில் நிற்கின்றன. பின்புறத்தில் சீழ் கட்டி வருகிறவர்கள் 'விழுந்துட்டேன்' என்றுதான் சொல்வார்கள்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்கு உடம்பு வளர்ப்பது ஒன்றும் புதிதில்லை. ஆசானின் களரிக்குப் போய், எண்ணெய் தேய்த்து உழிச்சில் வாங்கி, அடிமுறை படித்த தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கற்பனையில் பெரிதாக்கவும் வேண்டாம். ஆனால் எந்த ஆசானும் பன்னிரண்டு வாரத்தில் ஆளை மாற்றித் தருவதாகச் சொன்னதில்லை. இப்போது அந்த அவசரம் ஜிம்மிலிருந்தும் வரவில்லை, செல்போனிலிருந்து வருகிறது. திரையில் தெரியும் உடம்பில் எவ்வளவு ஊசி, எவ்வளவு லைட்டிங், எவ்வளவு தண்ணீர் குறைத்தல் என்பது பார்ப்பவனுக்குத் தெரியாது. கல்யாண ஆல்பத்துக்கு ஒரு உடம்பு வேண்டும் என்கிற ஆசை தவறில்லை. அதை விற்றுக் காசாக்கும் மாஸ்டர்கள் சிலர். எல்லோரும் அல்ல, 'ஊசி கேட்டா என் ஜிம் பக்கமே வராதே' என்று விரட்டுகிற மாஸ்டர்களையும் இரண்டு பக்கமும் அறிவேன்.

டெஸ்டோஸ்டிரோன் இந்தியாவில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. கேரளத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் ஜிம்களுக்குள்ளேயே போய் இப்படிப்பட்ட மருந்துகளைப் பிடித்திருக்கிறார்கள். ஆனாலும் இங்கே முகம் தெரியும் என்று அங்கே போய் வாங்குவதும், அங்குள்ளவர்கள் இங்கே வந்து வாங்குவதும் நடக்கிறது. எல்லை தாண்ட பஸ்ஸில் பத்து நிமிடம்தானே.

ஊசி இல்லாமல் ஏற வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்டு, சுவாரசியமாக இருக்காது. 68 கிலோவுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 110 கிராம் புரதம், அதாவது கிலோவுக்கு 1.6, அதற்கு மேல் போனாலும் தசைக்குப் பெரிய கூடுதல் பலன் தெரியவில்லை. நூறு கிராம் சாளை மீனில் 20 கிராம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6, கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் சிறுபயறில் உலர்ந்த நூறு கிராமுக்கு 23, 24. மரச்சீனியும் ஏத்தம்பழமும் தெம்புக்கு, தசைக்கு அல்ல. கிரியேட்டின் தினம் 3 முதல் 5 கிராம் எடுக்கலாம், அது ஹார்மோன் இல்லை; சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் கேட்டுவிட்டு எடுங்கள். தூக்கம் ஏழு மணி நேரம். எடையை வாரா வாரம் கொஞ்சம் கூட்டித் தூக்குங்கள். ஒரு வருடத்தில் ஏறவில்லை என்றால் முதலில் தட்டைப் பாருங்கள், அதன்பின் மாஸ்டர் போட்டுத்தந்த பயிற்சியைப் பாருங்கள்.

கேள்வியின் கடைசி வரியில் 'ஏற்கெனவே ஒண்ணு போட்டாச்சுன்னா?' என்று ஒரு வார்த்தை விட்டிருக்கிறீர்கள். போட்டிருந்தால் பயந்து சாக வேண்டாம், ஒரு ஊசியில் உலகம் முடிந்துவிடாது. அடுத்ததைப் போடாதீர்கள். பல வாரமாகப் போட்டுக்கொண்டிருப்பவர் என்றால், நிறுத்திய பின் வரும் மனச்சோர்வுக்குத் துணை வேண்டும், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலும் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜிலும் பார்க்கலாம். ரத்த எண்ணிக்கை, கொழுப்பு, கல்லீரல், டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எஃப்.எஸ்.எச். எடுப்பார்கள், விந்துப் பரிசோதனையும் கேட்பார்கள், அதற்கு இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுப் போக வேண்டும். ஊசி டப்பா, மாத்திரை அட்டை எது மிச்சம் இருந்தாலும் எறியாமல் எடுத்துப் போங்கள், போட்ட தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த டாக்டரும் இதற்காக போலீசைக் கூப்பிடப் போவதில்லை. கல்யாணத் தேதியையும், குழந்தை எப்போது வேண்டும் என்று இருவரும் நினைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், எந்த மருந்து கொடுப்பது என்பது அதைப் பொறுத்து மாறும்.